உட்காரும் இடமே பாதிப் படம்: பெர்ஸ்பெக்டிவ், காம்போசிஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர் மாட வீதியிலோ எழும்பூர் ரயில் நிலையத்தின் முன்போ ஸ்கெட்ச் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். புதிதாக வருபவர்கள் பலர் நன்றாகவே வரையத் தெரிந்தவர்கள். முகம் வரும், கை விரல் வரும், வாட்டர்கலர் கூட வரும். கட்டடம், தெரு, கூட்டம் என்று வந்தால் மட்டும் கை நின்றுவிடும். கேட்கும் சந்தேகங்களும் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

பெர்ஸ்பெக்டிவ்னா என்னங்க? கணக்குல வீக்கா இருந்தா வராதா?

கண்ணாடி ஜன்னல் முன்னால் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், வெளியே தெரியும் தெருவைக் கண்ணாடி மேலேயே மார்க்கரால் இழுங்கள். அந்தக் கோடுகள்தான் பெர்ஸ்பெக்டிவ். தூரத்தில் இருப்பது சின்னதாக விழும். ஒன்றுக்கொன்று இணையாக உங்களை விட்டு விலகி ஓடும் கோடுகள் போகப் போக நெருங்கி ஒரு புள்ளியில் சேரும், அதுதான் மறைபுள்ளி. ஃப்ளாரன்ஸ் நகரில் 1400களின் தொடக்கத்தில் புரூனெல்லெஸ்கி செய்து காட்டியதும், 1435இல் ஆல்பர்ட்டி எழுதி வைத்ததும் அடிப்படையில் இதைத்தான்.

பாதி, கால் என்று ஒரு கோட்டைப் பிரிக்கத் தெரிந்தால் கணக்கு போதும். இதில் கவனிக்க வேண்டியது 'தலையை அசைக்காமல்' என்பது. நீங்கள் இரண்டடி நகர்ந்தால் கண்ணாடியில் உள்ள படம் தெருவோடு பொருந்தாது. அதாவது ஒவ்வொரு படமும் ஓர் இடத்தில் இருக்கும் ஒரு கண்ணுக்குச் சொந்தம். எந்த இடம் என்று தேர்ந்தெடுக்கும்போதே பெர்ஸ்பெக்டிவும், படத்தில் எது எங்கே வர வேண்டும் என்ற காம்போசிஷனும் சேர்ந்தே முடிவாகிவிடுகின்றன. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கண்மட்டம், அடிவானம் ரெண்டும் ஒண்ணா? தெருவுல நிக்கும்போது அடிவானமே தெரியலையே?

ஒன்றுதான். மெரினாவில் நின்றால் கடலும் வானமும் சேரும் கோடு சரியாக உங்கள் கண் உயரத்தில் இருக்கும். மணலில் உட்கார்ந்தால் அதுவும் இறங்கும், கலங்கரை விளக்கத்தில் ஏறினால் கூடவே ஏறும். தெருவில் அந்தக் கோட்டைக் கட்டடங்கள் மறைக்கின்றன, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க எளிய வழி: எதிரே ஓடும் கட்டட வரிசையைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு மேலே இருக்கும் சன்ஷேடு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் தூரம் போகப் போகக் கீழே இறங்கும். கண்ணுக்குக் கீழே இருக்கும் திண்ணை, வாசல்படி எல்லாம் மேலே ஏறும். ஏறவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் படுத்துக் கிடக்கும் ஒரு வரிசை நடுவில் இருக்கும். செங்கல் சுவராக இருந்தால் எந்த வரிசை என்று எண்ணியே சொல்லிவிடலாம். அதுதான் கண்மட்டம். தாளில் முதலில் விழ வேண்டிய கோடு அது. அது இல்லாத ஸ்கெட்சை யாராவது கொண்டுவந்து 'எங்கே தப்பு?' என்று கேட்டால், முதலில் அதைப் போட்டு வரச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு புள்ளி... எப்போ எதைப் போடணும்?

நீங்கள் போடுவதில்லை, நின்ற இடம் போடுகிறது. தெருவின் நடுவில் நின்று நேராகப் பார்த்தால் ஒரு புள்ளி. கட்டடத்தின் முனையைப் பார்த்து நின்றால் இரு பக்கச் சுவர்களும் ஆளுக்கொரு புள்ளிக்கு ஓடும், அது இரு புள்ளி. அண்ணாந்து பார்த்தோ மேலிருந்து குனிந்து பார்த்தோ வரைந்தால் செங்குத்துக் கோடுகளும் சேரத் தொடங்கும், அது மூன்று புள்ளி.

உண்மையான தெருவில் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் திரும்பியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி இருக்கும். எத்தனை புள்ளி வந்தாலும், தரைக்குச் சமமாக ஓடும் கோடுகளின் புள்ளிகள் எல்லாம் அதே கண்மட்டக் கோட்டின் மேல்தான் விழும். இது பிடிபட்டால் பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை.

எழும்பூர் ஸ்டேஷனை முனையிலிருந்து வரைஞ்சா மறைபுள்ளி பேப்பரைத் தாண்டி எங்கேயோ போயிடுதே?

போகத்தான் செய்யும். 1908இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகப்பு அவ்வளவு நீளம். புள்ளியைத் தாளுக்குள் இழுத்து வைத்தால் கட்டடம் கப்பலின் முனை போலக் கூராகிவிடும். தொடக்கக்காரர்களின் இரு புள்ளிப் படங்களில் பாதி இப்படித்தான் கெடுகின்றன.

புள்ளியே இல்லாமல் செய்யும் வழி இது. கண்மட்டக் கோடு போடுங்கள். கட்டடத்தின் அருகிலுள்ள முனையைச் செங்குத்துக் கோடாக நிறுத்துங்கள். கூரைக் கோட்டின் சாய்வைப் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்து, தாளின் விளிம்பு வரை இழுங்கள். இப்போது முனைக் கோட்டில் கண்மட்டத்திலிருந்து கூரை வரை உள்ள உயரத்தை நான்கு சம பாகமாகப் பிரியுங்கள். தாளின் விளிம்பிலும் கண்மட்டத்திலிருந்து கூரைக் கோடு வரை நான்கு சம பாகம். முதல் பாகத்தை முதல் பாகத்தோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்தால், எல்லாக் கோடுகளும் கண்ணுக்குத் தெரியாத அதே புள்ளியை நோக்கிப் போகும். கண்மட்டத்துக்குக் கீழேயும் அந்தந்தப் பக்கத்து அளவையே இறக்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் வரிசை, கார்னிஸ் (சுவரிலிருந்து வெளியே நீளும் விளிம்பு), நடைமேடை எல்லாம் இந்தக் கோடுகளுக்கு நடுவே தானாக அடங்கும்.

ஸ்டுடியோவில் பெரிய கேன்வாஸ் என்றால் மறைபுள்ளி விழும் இடத்தில் சுவரில் ஆணி அடித்து நூல் கட்டுங்கள். லியோனார்டோ மிலானில் 1495க்கும் 1498க்கும் இடையே வரைந்த கடைசி இராவுணவு சுவரோவியத்தில், இயேசுவின் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த துளை இன்றும் இருக்கிறது.

ராமேஸ்வரம் பிராகாரத்துல தூண்களுக்கு இடையில இருக்கிற தூரத்தை எவ்வளவு குறைச்சிட்டே போறது? குத்துமதிப்பா போட்டா ஒத்து வரல.

குத்துமதிப்பு அங்கே செல்லாது. மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் என்பார்கள். ஒரு பக்கத்து வரிசையைப் பார்த்தாலே போதும், ஓர் இடைவெளி தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறும்.

முதல் தூணையும் இரண்டாவது தூணையும் மட்டும் கண்ணால் அளந்து போடுங்கள். முதல் தூணின் நடு உயரத்திலிருந்து மறைபுள்ளிக்கு ஒரு மெல்லிய கோடு. அது இரண்டாவது தூணையும் நடுவில் வெட்டும். இப்போது முதல் தூணின் உச்சியிலிருந்து அந்த வெட்டும் இடம் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாவது தூணின் அடி. இரண்டாவது தூணின் உச்சியிலிருந்து அதே போல இழுத்தால் நான்காவது. ஏழெட்டுத் தூண் வரை இப்படிப் போங்கள், அதற்குப் பின் கண்ணே கணக்கைப் பிடித்துக்கொள்ளும். கடைசித் தூண்களை ஒரே நிழல் திட்டாக்கிவிடலாம்.

இதே மூலைவிட்ட யுக்திதான் வளைவுகளுக்கும். திருமலை நாயக்கர் மகாலின் வளைவைப் பக்கவாட்டில் பார்த்து வரையும்போது உச்சி சரிந்து விழுவதாக நிறையப் பேர் சொல்கிறார்கள். இரு தூண்களுக்கு இடையே உள்ள கட்டத்துக்கு மூலைவிட்டங்கள் போடுங்கள். அவை வெட்டும் புள்ளிக்கு நேர் மேலேதான் வளைவின் உச்சி வரும், ஸ்கேல் வைத்து அளந்த நடுவில் அல்ல.

குடம், அண்டா, கிணறு... வட்டமா இருக்கிறது எதுவுமே ஒழுங்கா உட்கார மாட்டேங்குது.

சாய்த்துப் பார்த்த வட்டம் நீள்வட்டம். கண்மட்டத்தில் இருக்கும் விளிம்பு வெறும் கோடாகத் தெரியும், அதிலிருந்து கீழே போகப் போக வாய் திறக்கும். ஆகவே குடத்தின் அடிப்பகுதியின் வளைவு, வாய் விளிம்பின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வாயை அழகாக வளைத்துவிட்டு, தரையில் உட்கார வேண்டும் என்பதற்காக அடியை நேர்கோடாக்கிவிடுவதுதான் பொதுவான தவறு. இன்னொன்று, இரு ஓரங்களிலும் கூர் விழுவது. நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது.

தேர்ச் சக்கரம், மாட்டு வண்டிச் சக்கரம் என்றால் வேறு ஒரு விதி. நீள்வட்டத்தின் குட்டையான அச்சு, அச்சாணி ஓடும் திசையிலேயே சாய்ந்திருக்க வேண்டும். முதலில் அச்சாணியை இழுங்கள், அதற்குச் செங்குத்தாக நீளமான அச்சு, பிறகு சக்கரம்.

கூட்டம் வரைஞ்சா பின்னாடி நிக்கிற ஆளுங்க பறக்கிற மாதிரி இருக்காங்க. ஏன்?

கண்மட்டத்தை மறந்ததால். சமதளத்தில் நீங்கள் நின்றுகொண்டு பார்க்கும்போது, உங்கள் உயரமே உள்ள எல்லோருடைய கண்களும் கண்மட்டக் கோட்டின் மேல்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ஆனாலும் தெருக்கோடியில் இருப்பவர் ஆனாலும் தலைகள் ஒரே வரிசை, கால்கள் மட்டும் மேலும் கீழுமாக இருக்கும். தலைகளை முதலில் கோட்டில் கோத்துவிட்டு உடம்பைத் தொங்க விட்டால் யாரும் பறக்க மாட்டார்கள்.

நாம் பெரும்பாலும் உட்கார்ந்து வரைகிறோம், அங்கேதான் குழப்பம். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்மட்டம் நிற்பவர்களின் மார்பையோ வயிற்றையோ வெட்டும். முன்னால் நிற்பவருக்கு எந்த இடத்தில் வெட்டுகிறதோ, கோடியில் நிற்பவருக்கும் அதே இடத்தில் வெட்ட வேண்டும். தரையிலேயே உட்கார்ந்தால் முழங்காலுக்கு மேல். பூக்கடை அம்மா கூடை முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில், வாங்க வந்தவர்கள் மேலே உயர்ந்து நிற்பார்கள். அந்தப் பார்வையே படத்துக்கு ஒரு குணம் கொடுத்துவிடும். நின்று வரைந்திருந்தால் அதே அம்மாவின் உச்சந்தலைதான் கிடைத்திருக்கும்.

ஊட்டி மாதிரி ஏத்தத் தெருவுல எல்லாமே குழப்பமாயிடுதே?

வீடும் தெருவும் வேறு வேறு புள்ளிக்குப் போகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. கடைகளின் ஷட்டர், ஜன்னல், கூரை எல்லாம் மட்டப்பலகை வைத்துக் கட்டியவை, ஆகவே அவை வழக்கம் போலக் கண்மட்டத்துக்குப் போகும். தெரு மட்டும் ஏற்றமாக இருந்தால் அந்தப் புள்ளிக்கு நேர் மேலே உள்ள ஒரு புள்ளிக்கும், இறக்கமாக இருந்தால் நேர் கீழே உள்ள புள்ளிக்கும் போகும்.

பழனி, திருச்சி மலைக்கோட்டைப் படிக்கட்டுகளும் இதே கணக்கு. படிகளின் மூக்குகளைத் தொட்டுச் செல்லும் சாய்கோடு மேல் புள்ளிக்கு, ஒவ்வொரு படியின் தட்டையான பாகம் கண்மட்டத்துக்கு. கண்மட்டத்துக்கு மேலே உள்ள படிகளின் மேற்பரப்பு தெரியவே தெரியாது. தெரிவதாக வரைந்தால் படிக்கட்டு முன்னால் கவிழும்.

கோபுரம் வரைஞ்சா எப்பவும் ஒல்லியா, குச்சி மாதிரி வருது. என்ன பண்றது?

இரண்டு முறை குறுக்குகிறீர்கள். கோபுரம் கட்டும்போதே மேலே போகப் போகக் குறுகுகிறது, நிலைகளின் உயரமும் மேலே குறைகிறது. அதை அண்ணாந்து பார்க்கும்போது பெர்ஸ்பெக்டிவ் இன்னும் கொஞ்சம் குறுக்கும். கண்ணில் படுவதில் இரண்டும் கலந்தே இருக்கிறது. அதை அளந்து போட்டுவிட்டு, 'மூன்று புள்ளி' என்று புத்தகத்தில் படித்ததற்காக மறுபடி குறுக்கினால் குச்சிதான் வரும்.

நான் செய்யும் வரிசை: நடு அச்சு, அடி அகலம், உச்சி அகலம், இந்த மூன்றும் முதலில். அகலத்துக்கு உயரம் எத்தனை மடங்கு என்று பென்சிலால் அளந்துகொள்கிறேன். அடியில் உள்ள கருங்கல் பகுதி ஏறக்குறைய நேராக நிற்கும் பெட்டி, அதை அப்படியே பெட்டியாகப் போடுங்கள். அதன் மேல்தான் செங்கலும் சுதையுமாகச் சரியும் பகுதி. ஒவ்வொரு நிலையின் கார்னிஸும் பக்கவாட்டில் கண்மட்டப் புள்ளியை நோக்கி இறங்கும், மேலே போகப் போக அந்த இறக்கம் செங்குத்தாகும். உச்சியில் உள்ள சிகரம் படுக்க வைத்த அரை உருளை, கலசங்கள் அதன் முதுகு மேட்டில் ஒரே வரிசையில். பக்கவாட்டில் நின்றால் கலசங்களுக்கு இடையே உள்ள தூரமும் தூண்களைப் போலவே குறையும்.

பொம்மைகளை எண்ணாதீர்கள். நிழல் விழும் குழிகளை மட்டும் போட்டால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலை ஏழு மணிக்குக் கோபுரம் தானாகத் திரளும். உச்சி வெயிலில் நேர் முன்னால் நின்றால் எவ்வளவு உழைத்தாலும் அட்டைதான்.

எவ்வளவு தூரத்துல உட்காரணும்? கிட்ட போனா முழுசா வர மாட்டேங்குது.

தலையைத் திருப்பாமல், கோணாமல் பார்க்க முடிவது சுமார் 60 பாகை கொண்ட கூம்புக்குள் மட்டும்தான். அதைத் தாண்டினால் ஓரங்கள் இழுபடும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. தரையில் நின்று நேராகப் பார்க்கும்போது அதன் உச்சி கூம்புக்குள் விழ வேண்டும் என்றால் 300 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். பெரும்பாலான கோயில்களில் அத்தனை தூரம் மறைப்பில்லாமல் கிடைக்காது.

கிடைக்காத இடத்தில் இரண்டு வழி. ஒன்று, அண்ணாந்து பார்ப்பதை ஒப்புக்கொண்டு மூன்று புள்ளியில் வரைவது. இன்னொன்று, முழுக் கோபுரம் வேண்டும் என்ற ஆசையை விடுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சந்து வழியாகத் தெரியும் இரண்டு நிலைகள், முன்னால் ஒரு சைக்கிள், மேலே குறுக்காக ஒரு மின்கம்பி. பார்ப்பவருக்கு கோபுரத்தின் பெரிய உருவம் இதில்தான் உறைக்கும்.

போன்ல போட்டோ எடுத்து வீட்டுல உட்கார்ந்து வரைஞ்சா ஆகாதா?

ஆகும், ஆனால் போன் உங்கள் கண் அல்ல. அதன் முதன்மை கேமரா வைடு லென்ஸ், பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் சுமார் 24 முதல் 26 மில்லிமீட்டர். அருகில் இருப்பதை ஊதும், தூரத்தில் இருப்பதை ஒதுக்கும். கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாலே கட்டடங்கள் பின்னால் சாயும். பின்வாங்கி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள், போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். படத்தை டிரேஸ் செய்தால் சாய்ந்த சுவர்களையும் சேர்த்தே டிரேஸ் செய்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

என் யோசனை: இடத்திலேயே பத்து நிமிட ஸ்கெட்ச், கண்மட்டமும் பெரிய வடிவங்களும் மட்டும். போட்டோ விவரங்களுக்கு. பல பெரிய கோயில்களில் போன் உள்ளே கொண்டுபோகவே முடியாது, அந்தக் கட்டாயம் ஒரு விதத்தில் நல்லது. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்த சில்பியின் கோடுகளைப் பாருங்கள். நேரில் பார்த்துக் கழித்துக் கட்டிய கோடுகள் அவை.

ஸ்கேல் வெச்சுப் போடலாமா?

பயிற்சியிலும் கட்டட வேலைகளிலும் தாராளமாக. வெளியே ஸ்கெட்ச் செய்யும்போது வேண்டாம். கையால் இழுத்த கோடு சற்றே நடுங்கினாலும் சரியான திசையில் போனால் போதும்.

நிழலுக்கும் தண்ணியில தெரியுற பிம்பத்துக்கும் தனி பெர்ஸ்பெக்டிவ் இருக்கா?

வெயில் நிழல்கள் தரையில் ஒன்றுக்கொன்று இணையாக விழும், ஆகவே அவையும் கண்மட்டத்தில் ஒரு புள்ளிக்குச் சேரும். சூரியன் எதிரே இருந்தால் அந்தப் புள்ளி சூரியனுக்கு நேர் கீழே. தெருவிளக்கு நிழல் அப்படி இல்லை, விளக்குக் கம்பத்தின் அடியிலிருந்து விரிந்து பரவும். இரவுக் கடைவீதி வரைபவர்கள் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

பிம்பம் எளிது போலத் தெரியும், ஆனால் தலைகீழ் நகல் அல்ல. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தைத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பாருங்கள். நேரில் மறைந்திருக்கும் கூரையின் அடிப்பகுதி பிம்பத்தில் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அது தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்த காட்சி. ஒவ்வொரு புள்ளியும் நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவோ, கீழேயும் அவ்வளவே. மறைபுள்ளிகள் மாறாது.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் கட்டாயமா? கோல்டன் ரேஷியோ?

படத்தை மூன்று மூன்றாகப் பிரிப்பது 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் எழுதி வைத்த யோசனை. எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கத்தை உடைக்க உதவும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. ராமேஸ்வரம் பிராகாரத்தை நடுவில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அழகுக்கே உரிய விகிதம் என்று சொல்லப்படும் கோல்டன் ரேஷியோவின் சுழலை எந்தப் படத்தின் மேலும் ஒட்டிக் காட்டலாம், அதனாலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

காம்போசிஷன் படிக்க மாமல்லபுரம் போங்கள். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கி வருவது என்றும் சொல்லப்படும் பாறைச் சிற்பம், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், ஆனால் நெரிசல் இல்லை. காரணம், நடுவில் உள்ள பாறைப் பிளவு. சிற்பிகள் அதை ஆறாக்கி, நாகங்களை அதில் ஏற்றிவிட்டு, இரு பக்கமும் உள்ள தேவர், முனிவர், விலங்கு என எல்லோரையும் அதை நோக்கித் திருப்பிவிட்டார்கள். வலது கீழ்ப் பகுதியில் அந்தப் பெரிய யானை. அதன் வெறுமையான உடம்புதான் கண் ஓய்வெடுக்கும் இடம். மேலே பொடிப்பொடியாக உருவங்கள், கீழே ஒரே பெரிய திரள். யானையின் தந்தத்துக்குக் கீழே பின்னங்கால்களில் தவம் நிற்கும் பூனையைக் கண் கடைசியில்தான் கண்டுபிடிக்கும். அச்சு எது, ஓய்வு எது, பரிசு எது என்ற மூன்றையும் அங்கே நின்று விரலால் காட்டலாம்.

பார்க்கிறது எல்லாத்தையும் வரைஞ்சுடறேன். படம் ரொம்ப நெரிசலா இருக்கு. எதை விடறது?

பென்சிலைத் தொடும் முன் ஒரு வரி சொல்லிப் பாருங்கள்: 'இந்தப் படம் எதைப் பற்றி?' தெற்கு மாட வீதி என்பது பதில் அல்ல. 'பூக்கூடை மேல் விழும் வெயில்' என்பது பதில். அந்த வரிக்கு உதவாத பைக், ஃபிளெக்ஸ் போர்டு, இரண்டாவது ஆட்டோ எல்லாம் வெளியே.

அடுத்து, தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே டோனில் நிரப்புங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடம். ஒன்றில் கண்மட்டத்தை உயர்த்துங்கள், ஒன்றில் தாழ்த்துங்கள். தாழ்த்தினால் வானமும் கோபுரமும் பேசும், உயர்த்தினால் தரையும் மனிதர்களும் பேசுவார்கள். மிகக் கறுப்பும் மிக வெள்ளையும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் கண் முதலில் போகும், அந்தச் சந்திப்பை உங்கள் பூக்கூடைக்குக் கொடுங்கள். மூன்று கட்டமும் சுமாராக இருந்தால் பெரிய தாளில் அதிசயம் நடக்காது, எழுந்து பத்தடி தள்ளி உட்காருங்கள்.

கோடே போடாம தூரத்தைக் காட்ட முடியாதா?

முடியும். ஒன்றை ஒன்று மறைக்கட்டும், தூரத்தில் டோன் வித்தியாசம் குறையட்டும், நிறம் நீலத்துக்குச் சாயட்டும். தென்காசியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை அடுக்குகளைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

நம்ம பழைய ஓவியங்கள்ல பெர்ஸ்பெக்டிவே இல்லையே, அவங்களுக்குத் தெரியாதா?

தேவைப்படவில்லை என்று சொல்வேன். சித்தன்னவாசல் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தைப் பாருங்கள். குளம் மேலிருந்து பார்த்தது போல விரிந்திருக்கும், மீனும் யானையும் பூப்பறிக்கும் மனிதர்களும் பக்கவாட்டில் பார்த்தது போல. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து நன்றாக அடையாளம் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து. தஞ்சாவூர் ஓவியத்தில் சாமி பெரிதாக இருப்பது அருகில் இருப்பதால் அல்ல, முக்கியம் என்பதால். ஓர் இடத்தில் நிற்கும் ஒரு கண் அந்தப் படங்களுக்கு அடிப்படையே இல்லை.

ஒற்றைக் கண்ணின் பார்வை வெள்ளைக்காரர்களோடு இங்கே பரவலாக வந்தது. தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னகம் சுற்றி மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர்க் கட்டடங்களை வரைந்தார்கள், காட்சியைத் தாள் மேல் விழ வைக்கும் கேமரா அப்ஸ்குரா என்ற பெட்டியின் துணையோடு. 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கிய பிறகு அது பாடமாகவும் ஆயிற்று. இரண்டு வழியும் தெரிந்திருப்பது நமக்கு வசதி. தெருத் திருவிழாவை வரையும்போது தேரை முக்கியத்துவக் கணக்கில் பெரிதாக்கி, கூட்டத்தைக் கண்மட்டக் கணக்கில் கட்டியவர்கள் இருக்கிறார்கள். படம் நிற்கிறது.

அப்போ வேணும்னே பெர்ஸ்பெக்டிவை மீறலாமா? மீறினா தப்புன்னு சொல்றாங்களே.

பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்த மேசைகளின் இரு ஓரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆப்பிள்கள் மட்டும் விழாது. மீறலும் தவறும் வேறு. ஒரே ஒரு ஜன்னல் கோணினால் தவறு. படம் முழுக்க ஒரே நியாயத்தில் கோணினால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். சோதனை எளிது: தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள், அல்லது கண்ணாடியில் காட்டுங்கள். கண்ணை உறுத்துவது ஒரே இடம் என்றால் அழியுங்கள்.

பெர்ஸ்பெக்டிவ் கரெக்டா இருக்கு, ஆனா படத்துல உயிர் இல்லை. ஏன்?

எல்லாக் கோட்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்திருப்பீர்கள். மறைபுள்ளி பார்ப்பவரின் கண்ணை இழுக்கும் இடம், அங்கே நீங்கள் எதுவும் வைக்காமல் விட்டிருக்கலாம். லியோனார்டோ ஆணி அடித்த இடத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அறையின் அத்தனை கோடுகளும் ஓடிவந்து சேரும் இடத்தில் இயேசுவின் முகம், அதன் பின்னால் வெளிச்சமான ஜன்னல். பெர்ஸ்பெக்டிவே அங்கே காம்போசிஷன். உங்கள் தெருவில் மறைபுள்ளி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுகிறது என்றால், நான்கடி நகர்ந்து உட்காருங்கள். டீக்கடை ஆவி மேல் விழட்டும்.

வீட்டுக்காரர் வீட்டை வரையச் சொல்லி கமிஷன் கொடுத்திருக்கார். கார், மாடி, தோட்டம், புதுசா வெச்ச கேட் எல்லாம் தெரியணுமாம். எப்படி?

தரையில் நின்றால் எல்லாம் தெரியாது. கேட் வீட்டை மறைக்கும். எதிர்வீட்டு முதல் மாடியில் நிற்க அனுமதி கேளுங்கள், அல்லது அந்த உயரத்துக்குக் கண்மட்டத்தைக் கற்பனையாக ஏற்றுங்கள். கண்மட்டம் 14, 15 அடிக்குப் போனால் கேட்டின் மேல் வழியாகத் தோட்டம் திறக்கும், மாடியும் தட்டையாகாது. தரை அளவுகளை டேப் வைத்து எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன சம பாகப் பிரிப்பிலும் மூலைவிட்டத்திலும் மீதியைக் கட்டிவிடலாம்.

முன்பணம் வாங்கும் முன் தீப்பெட்டி ஸ்கெட்ச் இரண்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு 'தண்ணித் தொட்டி தெரியலையே' என்பார்கள்.

தினமும் என்ன பயிற்சி பண்ணணும்?

காலி அட்டைப் பெட்டிகளை மேசை மேல் அடுக்கி, நின்று ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, கண்மட்டத்தைக் குறித்துக்கொண்டு வரையுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எதிர்க்கட்டடத்தின் கண்மட்ட வரிசை எது என்று மனத்தில் கண்டுபிடியுங்கள், இதற்குத் தாளே வேண்டாம். வாரம் ஒரு நாள் வெளியே. ஒரே இடத்தைத் தரையிலிருந்து, ஸ்டூலிலிருந்து, மாடியிலிருந்து என்று மூன்று தீப்பெட்டிக் கட்டங்களில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கூட்டம் சுத்தி நின்னு பாக்குது, வெக்கமா இருக்கு.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னால் யாரும் நிற்க முடியாது. கடை வாசல் என்றால் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பலர் ஸ்டூலே கொடுப்பார்கள். அந்த ஸ்டூல் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டு கண்மட்டத்தைப் போடுங்கள்.